ரோஜா முள்ளும் கருவேல முள்ளும்

முதல் நாள்: தேவிபட்டினம்

மாட்டுத்தாவணியில் காலை 5.30 பஸ் ஏறினேன். மானாமதுரை தாண்டியதும் ஜன்னலின் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் ஆரம்பித்துவிட்டது. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் தம்பி ஸ்கூட்டரோடு நின்றுகொண்டிருந்தான். இங்கே ஒரு வலைக்கடையில் கணக்கு பார்க்கிறான். ஐந்து நாள் விடுப்பு. தேவிபட்டினத்தில் தொடங்கி தனுஷ்கோடி வரை கடலோரமாகவே போவதாகத் திட்டம்.

எதற்காக இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மதுரையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 22 வருஷமாக வேலை பார்க்கிறேன். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தை இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, எண்ணெய் லென்ஸை இறக்கி, வெள்ளை அணுக்களை வகை பிரித்து 100 வரை எண்ணுவது தினப்படி வேலை. நியூட்ரோபில் எத்தனை, லிம்ஃபோசைட் எத்தனை, மோனோசைட் எத்தனை. இப்போது மெஷினே எண்ணிவிடுகிறது, ஆனாலும் சந்தேகம் வந்தால் தகட்டைத்தான் எடுக்கிறோம். இந்த அணுக்கள்தான் கிருமியை விழுங்கி உடம்பைக் காக்கின்றன என்று சொன்னவர் இலியா மெச்னிகோவ். 1845இல் இன்றைய உக்ரைனின் கார்கிவ் பக்கத்தில் பிறந்தவர். அவர் மருத்துவர் அல்ல, கடல் பிராணிகளை ஆராய்ந்த விலங்கியல்காரர். நான் தினமும் எண்ணுவது என்ன என்பது ஒரு கடற்கரையில்தான் தெரியவந்தது. அந்த எண்ணம் பல வருஷமாக என் கூடவே இருக்கிறது. கடலுக்குப் போய், அவர் பார்த்தது போன்ற பிராணிகளை நானும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்றிருந்தது. பையில் காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் ஒன்றும், கண்ணாடித் தகடுகள் பத்தும் வைத்திருக்கிறேன்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றி நல்ல கூட்டம். வடகடல் என்று இந்தப் பக்கத்தில் சொல்லும் பாக் விரிகுடா இங்கே குளம்போலக் கிடக்கிறது. பரிகாரம் செய்ய வந்தவர்கள் தூவிய தானியம் தண்ணீரில் மிதந்தது. கும்பிட்டுவிட்டு, கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தோம். வேலிக்கு வெட்டிப் போட்டிருந்த கருவேலங்கிளையைத் தம்பி மிதித்துவிட்டான். முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் இறங்கியது. இழுத்தபோது முக்கால்வாசிதான் வந்தது. நுனி உள்ளேயே முறிந்துவிட்டது. ஊக்கால் கிளறிப் பார்த்தேன், அகப்படவில்லை.

"விடுக்கா, நாலு நாள்ல பழுத்து அதுவா வெளிய வந்துரும்" என்றான்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். 11 வருஷத்துக்கு முன்னால் இவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. கீமோதெரபி நடந்த மாதங்களில் இவனுடைய ரத்தத் தகட்டை நானே பார்ப்பேன். வேண்டாம் என்று கூட வேலை பார்த்தவர்கள் தடுத்தார்கள், நான் கேட்கவில்லை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்கவேண்டிய வெள்ளை அணு ஒருநாள் 600க்கு இறங்கியது. தகடு முழுக்க ஓரத்திலிருந்து ஓரம் தேடியும் நான்கே நான்கு நியூட்ரோபில்தான். அந்த வாரம் அவன் கையில் ஊசி குத்திய இடம் லேசாகச் சிவந்தது. அவ்வளவுதான், சீழ் வைக்கவில்லை. சீழ் வைக்க ஆள் வேண்டுமே! சீழ் என்பதே கிருமியோடு மோதி மடிந்த நியூட்ரோபில்களின் குவியல். அவை இல்லாத உடம்பில் புண் சத்தமில்லாமல் இருக்கும், காய்ச்சல் மட்டும் ஏறும். இன்றைக்கு அவன் எண்ணிக்கையெல்லாம் சரியாக இருக்கிறது. வருஷா வருஷம் பார்க்கிறோம். இருந்தாலும் அந்தக் குதிகாலைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இரவு தூக்கம் வரவில்லை. மெச்னிகோவும் ஒரு முள்ளால்தான் ஓர் இரவு தூங்காமல் கிடந்தார். அதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

1882. ஒடெசா பல்கலைக்கழகத்தின் அரசியல் நெருக்கடி தாங்காமல் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, மனைவி ஓல்காவையும் அவளுடைய தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு சிசிலித் தீவின் மெசினாவுக்கு வந்திருந்தார். ஆய்வகம் என்று தனியாக எதுவும் கிடையாது. வீட்டு முன்னறையில் ஒரு மைக்ராஸ்கோப், வெளியே ஜலசந்தி. ஒருநாள் வீட்டார் எல்லோரும் வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்க சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் நட்சத்திர மீனின் லார்வாவைப் பார்த்தபடி இருந்தார். கண்ணாடி போன்ற உடம்பு. உள்ளே ஊர்ந்து திரியும் செல்களை உயிரோடு பார்க்கலாம். இப்படி நகரும் செல்கள் கீழ்நிலைப் பிராணிகளில் உணவை விழுங்கிச் செரிப்பதை அவர் ஏற்கனவே கண்டிருந்தார். திடீரென்று ஓர் எண்ணம்: உணவை விழுங்குகிற இந்தச் செல்கள், உடம்புக்குள் அத்துமீறி நுழைவதையும் தாக்குமோ? அப்படியானால், மனிதன் விரலில் முள் ஏறினால் சீழ் கட்டுவதுபோல, இந்த லார்வாவுக்குள் ஒரு முள்ளைச் செருகினாலும் செல்கள் அதைச் சுற்றிக்கொள்ளவேண்டும். குழந்தைகளுக்காகச் சில நாள் முன்பு ஒரு நாரத்தை வகை மரத்தை கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரித்திருந்த அதே தோட்டத்தில் இறங்கி, ரோஜாச் செடியிலிருந்து முள்ளைப் பறித்துவந்து லார்வாவின் தோலுக்கடியில் செருகினார். விடிந்து பார்த்தால், முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக் கிடந்தன.

அந்த லார்வாவுக்கு ரத்தக் குழாயே கிடையாது என்பதுதான் இதில் முக்கியம். அழற்சி என்றால் ரத்தக் குழாயில் நடக்கும் கோளாறு என்று அக்கால மருத்துவம் நம்பியது. சீழில் காணும் வெள்ளை அணுக்கள் கிருமிகளை உடம்பெங்கும் சுமந்து பரப்புகின்றன என்றுகூடப் பலர் எண்ணினார்கள். குழாயே இல்லாத ஒரு பிராணி, செல்கள்தான் காவல் என்று காட்டிவிட்டது. தம்பி பக்கத்து அறையில் குறட்டை விடுகிறான்.

இரண்டாம் நாள்: திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை

காலையில் முதல் வேலையாக டெட்டனஸ் வராமலிருக்க டி.டி. ஊசி. வழியிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கருவ முள்ளா? இந்த ஊர்ல வாரத்துக்குப் பத்துக் காலு பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டார்.

அப்புறம் திருப்புல்லாணி. கடல் வழிவிடட்டும் என்று ராமன் தர்ப்பைப் புல்லில் படுத்துக் காத்திருந்த இடம் என்பார்கள். தர்ப்பசயன ராமர் சன்னிதியில் நிறைய நேரம் நின்றோம். சேதுக்கரையில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா. வடகடலைப் பார்த்த கண்ணுக்கு இங்கே அலை கொஞ்சம் உயிரோடு இருந்தது. கீழக்கரையில் பழைய கல் பள்ளிவாசலை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, தொதல் வாங்கினோம். தேங்காய்ப்பாலில் கிண்டிய கறுப்புத் தொதல், இரண்டு நாள் பயணத்துக்குத் தாங்கும்.

அந்த டி.டி. ஊசியைப் பற்றித்தான் இன்று எழுதவேண்டும். தம்பியின் குதிகாலுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பாதுகாப்பு நடக்கிறது. முள்ளோடு போன கிருமிகளை நியூட்ரோபில்கள் விழுங்கவேண்டும், அது மெச்னிகோவின் கட்சி. டெட்டனஸ் கிருமியின் கதை வேறு. அது இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு நஞ்சைக் கசியவிடும். கரைந்து பரவும் நஞ்சை எந்தச் செல்லும் துரத்திப் பிடித்து விழுங்க முடியாது. ரத்தத்தின் தெளிநீரில், அதாவது சீரத்தில், அதற்கான முறிவு இருக்கவேண்டும். அப்படி ஒன்று உண்டு என்று 1890இல் பெர்லினில் எமில் ஃபான் பேரிங்கும் ஜப்பானியரான கிடாசாடோவும் நிரூபித்தார்கள். டெட்டனஸைத் தாங்கப் பழக்கிய விலங்கின் சீரத்தை இன்னொரு விலங்குக்கு ஏற்றினால் அதுவும் தப்பித்தது. இன்று அதை எதிர்ப்புப் புரதம், ஆன்டிபாடி என்கிறோம்.

அங்கிருந்து சண்டை. பாதுகாப்பு செல்லில் இருக்கிறதா, சீரத்தில் இருக்கிறதா? 1888இல் பாஸ்டர் அழைத்து பாரிஸில் தன் நிறுவனத்தில் இடம் கொடுத்திருந்ததால் மெச்னிகோவ் பிரெஞ்சுப் பக்கம். எதிரணி பெரும்பாலும் ஜெர்மனி. 1870 போரின் காயம் இரு நாட்டுக்கும் ஆறாத காலம், அந்தச் சூடும் சேர்ந்துகொண்டது. சீரத்துக்காரர்களிடம் கையில் பிடித்துக் காட்ட மருந்தே இருந்தது, டிஃப்தீரியாவில் குழந்தைகள் பிழைத்தார்கள். மெச்னிகோவிடம் இருந்தது மைக்ராஸ்கோப்பில் கண்ட காட்சிகள். அவற்றில் எனக்குப் பிடித்தது 1884இல் அவர் எழுதிய தண்ணீர்த் தெள்ளு ஆராய்ச்சி. டாஃப்னியா என்கிற அந்தச் சின்னப் பிராணியும் கண்ணாடி உடம்புக்காரி. ஊசி மாதிரி விதை கொண்ட ஓர் ஈஸ்ட் அதன் குடலைக் குத்திக்கொண்டு உள்ளே வரும். செல்கள் ஓடிவந்து ஊசிகளை விழுங்கிக் கரைத்துவிட்டால் தெள்ளு பிழைக்கும், விட்டுவிட்டால் ஈஸ்ட் பெருகிச் சாகும். ஒரு நோய் தொடங்கி முடிவதை உயிருள்ள உடம்புக்குள் செல் செல்லாக ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

யார் சரி என்றால் இரண்டு பேரும் சரி. 1903இல் லண்டனில் ஆல்ம்ராத் ரைட்டும் அவருடைய கூட்டாளியும், சீரத்தில் உள்ள ஒரு பொருள் கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டால் அணுக்கள் அதை இன்னும் ஆவலாக விழுங்குகின்றன என்று கண்டார்கள். அதற்கு ஆப்சோனின் என்று பேர் வைத்தார்கள். கிரேக்கத்தில் தொடுகறி என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. வெறும் சோற்றைத் தள்ளிவிடும் பிள்ளைக்குத் தொட்டுக்கொள்ள ஒன்று வைத்தால் சாப்பிடுமே, அதுதான். 1908 நோபல் பரிசை மெச்னிகோவுக்கும் சீரத்துக் கட்சியின் பால் எர்லிக்குக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். சமரசத்துக்காகக் கொடுத்தது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே குதிகாலுக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது.

குதிகால்: தொட்டால் வலி. சிவப்பு ஒரு ரூபாய் அகலம். காய்ச்சல் இல்லை.

மூன்றாம் நாள்: மண்டபம்

விடிகாலையில் மண்டபம் தென்கடல் கரையில் வலை தட்டிக்கொண்டிருந்தார்கள். நண்டும் கணவாயும் தனித்தனிக் கூடையில். வேண்டாததைக் கரையில் வீசுகிறார்கள், அதில் ஒரு நட்சத்திர மீன். சாம்பல் உடம்பில் சிவப்புக் கொம்புகள், உள்ளங்கையை நிறைக்கும் கனம். "எடுத்துக்கங்க தாயி, காயவச்சு வீட்டுல மாட்டலாம்" என்றார் பெரியவர். "உயிரோட இருக்குங்கய்யா, பாத்துட்டு விட்டுர்றேன்" என்றேன். கவிழ்த்துப் பார்த்தால் ஐந்து கையின் பள்ளங்களிலும் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. முழங்கால் ஆழத்தில் இறங்கி மணலில் வைத்தேன். அது ஒரு விரல்கடை நகர்வதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று எண்ணவில்லை. தம்பிதான் வெயில் ஏறுகிறது என்று கூப்பிட்டான்.

லார்வா கிடைக்கவில்லை. நல்ல கண்ணி வலையால் நீரை அரித்து, சரியான பருவத்தில் தேடவேண்டியது அது. ஃபோல்ட்ஸ்கோப்பில் இன்று என் கண்ணில் பட்டது துள்ளி ஓடும் இறால்வகைப் பூச்சிகள் இரண்டு. அதுவே போதும்போல இருந்தது.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கியது. பல வருஷம் அதன் தலைமையகம் இந்த மண்டபம் முகாமில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. இங்குள்ள மீன்காட்சியகத்தில் தொட்டிகளுக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல். மெச்னிகோவும் பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஐரோப்பாவின் வடகடலில் உள்ள ஹெல்கோலாந்து தீவில் கடல் பிராணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர்தான். கார்கிவில் நான்கு வருஷப் படிப்பை இரண்டே வருஷத்தில் முடித்துவிட்டு வந்த பையன்.

மண்டபம் முகாம் என்றால் எங்கள் வீட்டில் வேறு பொருள். அப்பத்தாவின் அண்ணன் கங்காணியோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். தோட்டத்துக்குப் போகிற ஒவ்வொருவரையும் இங்கே நாள்கணக்கில் அடைத்துவைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் தனுஷ்கோடிக்கு ரயிலேற்றி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்கு அனுப்புவார்கள். இலங்கை அரசு நடத்திய முகாம். "துணியெல்லாம் அவிச்சுக் குடுத்தாகளாம், கையில குத்துன எடம் பழுத்து, வடுவோட போனாரு" என்று அப்பத்தா சொல்வாள். பிறகு வந்த காலத்தில் அங்கிருந்து போருக்குத் தப்பி வந்தவர்களுக்கும் இதே மண்டபம்தான் முகாமாயிற்று. போகும்போதும் வரும்போதும் நம் ஆட்களை நிறுத்திவைத்த இடம். வாசல் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். படம் எடுக்கத் தோன்றவில்லை.

ஊசி என்றதும் மெச்னிகோவின் மாணவர் ஒருவர் ஞாபகம் வருகிறது. வால்டெமார் ஹாஃப்கின், ஒடெசாவில் அவரிடம் படித்தவர், யூதர். ஆசிரியர் பாரிஸுக்குப் போன பின் இவரும் பாஸ்டர் நிறுவனத்துக்குப் போனார். முதலில் கிடைத்தது நூலக உதவியாளர் வேலைதான். 1892 ஜூலையில் தான் செய்த காலரா தடுப்பூசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். மறு வருஷம் கல்கத்தாவுக்கு வந்து இறங்கினார். 1896இல் பம்பாயில் பிளேக் வந்ததும் அங்கே போய், 1897 ஜனவரி 10 அன்று பிளேக் தடுப்பூசியையும் முதலில் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தார். பம்பாய் பரேலில் இன்றும் அவர் பேரில் நிறுவனம் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் ஊருக்கு வந்து காலரா ஊசி போடுவார்களே, கை வீங்கி இரண்டு நாள் காய்ச்சலில் கிடப்போமே என்று எங்கள் அப்பா தலைமுறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மெசினாவின் முன்னறையிலிருந்து நம் தெருவுக்கு வந்த நேரடிப் பாதை இந்த மனிதர்.

அவருக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். 1902இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் பிளேக் ஊசி போட்டுக்கொண்ட 107 பேரில் 19 பேர் டெட்டனஸில் இறந்தார்கள். 19 பேருக்கும் ஒரே புட்டி மருந்து. பழி ஹாஃப்கின் தலையில் விழுந்தது, வேலை போயிற்று. புட்டியைத் திறந்த இடத்தில் ஓர் உதவியாள் மண்ணில் விழுந்த இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தியதிலிருந்து வந்த தொற்று என்பது பிறகே வெளிவந்தது. மலேரியா ஆராய்ச்சியாளர் ரொனால்டு ராஸ் போன்றவர்கள் பத்திரிகையில் வாதாடி, 1907இல்தான் அவர் பேரில் குற்றமில்லை என்றானது. ஐந்து வருஷம்! பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள் என்பதால் இந்தக் கதை எனக்கு வெறும் வரலாறு இல்லை. கீழே விழுந்த இடுக்கியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த 19 பேர் நினைவுக்கு வருகிறார்கள்.

குதிகால்: வீக்கம். நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி மாதிரி. உறுதியாகச் சொல்லமுடியவில்லை.

நான்காம் நாள்: பாம்பன்

சாலைப் பாலத்தின் நடுவில் நின்று பார்த்தோம். 1914இல் கட்டிய பழைய ரயில் பாலம் பக்கத்தில், 2025 ஏப்ரலில் திறந்த புதுத் தூக்குப் பாலமும். காற்று துப்பட்டாவைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது.

சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள். பௌர்ணமிக்கு முன்பின் ஆறு நாள், அமாவாசைக்கு முன்பின் ஆறு நாள் என்று மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குகிறார்கள். பாசி வளரட்டும் என்று அவர்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. முகத்தில் கண்ணாடி, காலில் தகடு கட்டிய செருப்பு, விரல்களில் சுற்றிய துணி. மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறையிலிருந்து பிய்த்துக்கொண்டு வருகிறார்கள். கரையில் காய்ந்ததைக் காட்டி ஒரு அக்கா பேர் சொன்னார்: "இது மரிக்கொழுந்து, இது கஞ்சிப்பாசி, அந்தா கெடக்குறது கட்டக்கோரை."

மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகார் எடுக்கிறார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டில் ஊற்றும் கூழ் அதுதான். எங்கள் கூடத்தில் தினமும் ஊற்றுகிறோம். 1881இல் ஜெர்மன் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோஹின் ஆய்வகத்தில் வெயில் காலத்தில் ஜெலட்டின் உருகி ஓடியபோது, அகாரைப் பயன்படுத்தலாமே என்று சொன்னவர் அங்கே வேலைபார்த்த ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி. சமையலறையில் ஜெல்லி கெட்டிப்பட அகார் போட்டுப் பழகியவர். அவர் பேர் அன்றைய கட்டுரைகளில் வரவில்லை. அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்ப எங்க பாசியிலதான் வியாதியக் கண்டுபிடிக்கிறீகளா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்தவர்களைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர்களுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். துணி சுற்றியும் பாறை அறுத்த வெட்டுகள், ஆறினதும் ஆறாததுமாக. அந்த விரல்களில் ஒவ்வொரு வெட்டிலும் மெச்னிகோவ் பார்த்தது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

தம்பி காலைத் தாங்கித் தாங்கி நடப்பதைப் பார்த்த அக்கா, "எருக்கம்பால் வைங்க, முள்ளு வெளிய வரும்" என்றார். கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் எருக்கம்பாலுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெந்நீரில் காலை வைக்கச் சொன்னேன். அவர் வீட்டிலேயே வெந்நீர் போட்டுக் கொடுத்தார், கூடவே கருப்பட்டிக் காபி.

மாலை குந்துகால். விவேகானந்தர் மேலைநாட்டிலிருந்து திரும்பி 1897 ஜனவரி 26 அன்று கால்வைத்த கரை. ஹாஃப்கின் பம்பாயில் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு பதினாறு நாள் ஆகியிருந்தது. எதிரே குருசடைத் தீவு. விலங்கியல் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தீவின் பேர் சொன்னாலே பலனோகிளாசஸ் ஞாபகம் வரும். முதுகெலும்புள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் நடுவில் நிற்பதாகப் பாடத்தில் படித்த மணற்புழு. அதன் லார்வா டோர்னேரியாவை நட்சத்திர மீனின் குஞ்சு என்றே முதலில் நம்பியிருந்தார்கள். இல்லை, அது பலனோகிளாசஸின் குஞ்சு என்று 1869இல் காட்டியவர் மெச்னிகோவ்! கல்லூரியில் இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படித்தேன். ஒரே ஆளின் கண் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. லார்வாக்களை அப்படிப் பிரித்தறியும் பழக்கம் பதிமூன்று வருஷம் ஊறியிருந்ததால்தான் மெசினாவில் அந்த நகரும் செல்கள் அவர் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒரே இரவின் யோசனை என்று அதைச் சொல்வது சரியில்லை.

இருட்டும்வரை அங்கே இருந்தோம். அவர் வாழ்க்கையின் இன்னொரு பக்கத்தைத் தம்பிக்குச் சொன்னேன். முதல் மனைவி லுட்மிலா காசநோயால் மூச்சுத் திணறி, நாற்காலியில் தூக்கிவந்துதான் கல்யாணம் நடந்தது. 1873இல் இறந்துபோனாள். இவர் அபினைக் குடித்தார், அளவு மிஞ்சியதால் வாந்தியாகி உயிர் தங்கியது. 1880இல் ஓல்காவுக்கு டைஃபாய்டு. அவளும் போய்விடுவாள் என்று பயந்து நொறுங்கி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலின் கிருமியைத் தனக்கே ஏற்றிக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். மெசினா அதற்கு இரண்டு வருஷம் கழித்து.

தம்பி நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், "வார்டுல இருந்தப்ப எனக்கும் அப்பிடித் தோணியிருக்குக்கா" என்றான். இதுவரை என்னிடம் சொன்னதில்லை. "இப்ப?" என்று கேட்டேன். "இப்ப கால் வலிதான் பெருசாத் தெரியுது." கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள்: தனுஷ்கோடி

அரிச்சல்முனை. ஒரு பக்கம் அடங்கிக் கிடக்கும் கடலைப் பெண்கடல் என்றும், மறுபக்கம் குமுறுவதை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலுக்குப் பின் எஞ்சிய சர்ச் சுவரும் ரயில் நிலையத்து இடிபாடுகளும் அப்படியே நிற்கின்றன. அப்பத்தாவின் அண்ணன் கப்பலேறிய துறைமுகம் இது.

மெசினாவும் இப்படித்தான் போயிற்று. 1908 டிசம்பர் 28 விடிகாலை நிலநடுக்கம், பின்னாலேயே கடல் எழுந்து வந்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அந்த ஊரில் கண்டதற்காக ஒருவருக்கு நோபல் பரிசு வழங்கிய அதே டிசம்பர். இடிந்த சுவரில் கைவைத்து நிற்கும்போது இது என் நினைவைவிட்டுப் போகவில்லை.

மெச்னிகோவின் பிற்காலம் பற்றி எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து உண்டு. முதுமைக்குக் காரணம் பெருங்குடலில் அழுகும் கிருமிகள், புளித்த பால் சாப்பிட்டால் ஆயுள் நீளும் என்று நம்பினார், தானும் தினமும் சாப்பிட்டார். 1907இல் அதைப் புத்தகமாக எழுதியதும் ஐரோப்பா முழுக்கத் தயிர் மோகம் பரவியது. 71 வயதில் இதய நோயில் இறந்தார். சான்றுக்கு மிஞ்சிப் பேசிவிட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் குடல் கிருமிகளும் எதிர்ப்பாற்றலும் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்ற கேள்வி அவரோடு முடியவில்லை, இன்று பெரிய ஆராய்ச்சித் துறையாகவே நிற்கிறது.

அவருடைய முதல் கண்டுபிடிப்புக்கும் நடுவில் ஒரு நீண்ட மறதி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஆன்டிபாடிகளின் காலம். விழுங்கும் செல்களைத் துப்புரவு ஆட்கள் என்று ஒதுக்கிவைத்தார்கள். 1973இல் ரால்ஃப் ஸ்டைன்மன் கிளைகிளையாக நீளும் டென்ட்ரிடிக் செல்லைக் கண்டு, எதை எதிர்க்கவேண்டும் என்று மற்ற செல்களுக்குக் காட்டிக்கொடுப்பது அதுதான் என்றார். 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு பழ ஈயில் டோல் என்ற மரபணு இல்லாவிட்டால் பூஞ்சைத் தொற்றில் ஈ செத்துப்போகிறது என்று காட்டியது. 1998இல் புரூஸ் பாய்ட்லர் எலியில் அதன் உறவுக்கார மரபணுவைப் பிடித்தார். மூவருக்கும் 2011 நோபல். மறுபடியும் ஒரு சின்னப் பிராணியிடமிருந்துதான் நம் உடம்பின் ரகசியம் வந்திருக்கிறது.

தம்பிக்குக் கீமோவின்போது போட்ட ஃபில்கிராஸ்டிம் ஊசியையும் இங்கே சேர்க்கவேண்டும். எலும்பு மஜ்ஜையை உசுப்பி நியூட்ரோபில்களை உண்டாக்கவைக்கும் மருந்து, 1991 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. விழுங்கும் செல் இல்லாவிட்டால் உயிர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அதைப் பெருக்கும் மருந்தைத் தேட யாருக்காவது தோன்றியிருக்கும். 600இலிருந்து 900, 1,400, 3,100. அந்த எண்களை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன்.

மதியம் ஓலைக் கொட்டகைக் கடையில் ஊளி மீன் வறுவலோடு சோறு. சாப்பிட்டு எழுந்தபோது தம்பி "அக்கா" என்றான். குதிகால் நடுவில் மஞ்சளாகக் கண் வைத்திருந்தது. கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தில் லேசாக அழுத்தினேன். கெட்டியான சீழ். அதோடு ஒரு கறுப்பு நுனி, எள்ளளவு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்கார அம்மா, "ஏன் தாயி, வலிக்கிறது அவருக்குல்ல" என்றார். அவருக்கு எப்படிச் சொல்வது? ஒருநாள் இவன் உடம்பால் இதைச் செய்ய முடியவில்லை. இன்றைக்குச் செய்திருக்கிறது.

முள் நுனியைக் காகிதத்தில் மடித்துவைத்தேன். சீழை ஒரு தகட்டில் இழுத்து, வெயிலில் உலர்த்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தினேன். புண்ணுக்குக் கட்டுப்போட்டு ராமேஸ்வரத்தில் மருத்துவரிடம் காட்டினோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

மதுரை, திங்கட்கிழமை

வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு தகட்டுக்குச் சாயம் போட்டேன். எண்ணெய் லென்ஸை இறக்கினேன். ஊதாக் கருக்கள், மூன்று மடல், நான்கு மடல். பாதி செல்கள் உடைந்து சிதைந்திருந்தன. சிலவற்றின் வயிற்றுக்குள் விழுங்கிய காக்கஸ் கிருமிகள் கரும்புள்ளிகளாக, இரண்டிரண்டாக, கொத்துக்கொத்தாக.

முழுசாக இருந்தவற்றை மட்டும் 100 எண்ணினேன். 93 நியூட்ரோபில், 5 மோனோசைட் வகை, 2 லிம்ஃபோசைட்.

தம்பிக்குப் போன் செய்து எண்களைச் சொன்னேன். வலைக்கடைச் சத்தத்துக்கு நடுவில், "திரும்பச் சொல்லுக்கா, எழுதிக்கிறேன்" என்றான்.